சகலைகள் பம்ப் வாங்கிய நாள்

அன்று காலை கடைக்குள் வந்த இருவரையும் தனித்தனி வாடிக்கையாளர்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் கவுண்டரின் இந்தக் கோடியில் நின்றார், மற்றவர் அந்தக் கோடியில். நடுவில் நாலு பேர் தாராளமாக நிற்கலாம். ஒருவர் என்னைப் பார்த்தார். மற்றவர் சுவரில் தொங்கிய ரப்பர் குழாய்ச் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

என்னுடையது கேம்பர் வண்டிகளுக்கும் சின்னப் படகுகளுக்கும் சாமான் விற்கும் கடை. கேம்பர் என்றால் ஒரு வேனுக்குள் வீட்டையே சுருட்டி வைத்த மாதிரி. படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, நின்றபடி குளிக்க ஓர் அலமாரி அளவு இடம். வீட்டில் என்னவெல்லாம் கெடுமோ அதெல்லாம் அதிலும் கெடும், ஓடிக்கொண்டே கெடும் என்பதுதான் வித்தியாசம். கடைக்கு வெளியே சிமெண்ட் முற்றம் இருக்கிறது. வண்டியை அங்கே நிறுத்தினால் சின்னச் சின்ன வேலைகளை நானே செய்துகொடுப்பேன். பதிமூன்று வருஷமாக இதுதான் பிழைப்பு.

"தண்ணி பம்ப் வேணும்மா. டேங்க்ல இருந்து குழாய்க்குத் தண்ணி தள்ளுமே, அது. செத்துப்போச்சு" என்றார் முதலாமவர். அகன்ற தோள், வெயிலில் கறுத்த கை, நாலு வீடு தள்ளிக் கேட்கும் குரல்.

சீட்டில் எழுதிக்கொண்டு மற்றவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு சார்?"

"எனக்கும் அதேதான் மேடம்." இவர் ஒல்லி. குரலும் ஒல்லி.

இன்னொரு சீட்டைக் கிழித்தேன். "என்ன வண்டி?"

"வெள்ளை வேன். பதினாலு வருஷம் ஆச்சு" என்றார் அகலமானவர்.

"உங்களது?"

"வெள்ளை வேன். பதினாலு வருஷம்."

ஒரே நாளில் ஒரே வயசில் இரண்டு வண்டிக்கு ஒரே வியாதியா என்று யோசிப்பதற்குள் அகலமானவர் கேட்காமலேயே சேர்த்தார். "பின்னாடி பம்பர்ல ஒரு பள்ளம் இருக்கும்."

"அந்தப் பள்ளத்தைப் பத்தி அவர் வாயைத் தொறக்காம இருந்தா நல்லதுன்னு சொல்லுங்க மேடம்" என்றார் ஒல்லியானவர், குழாய்ச் சுருள்களைப் பார்த்தபடியே.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் ஒரே ஒரு வெள்ளை வேன்தான் நின்றது. பின்னால் பள்ளம் இருந்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு இரண்டு பெண்கள் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சீட்டைக் கசக்கிப் போட்டேன்.

பெண்களில் இளையவர் கை கழுவ உள்ளே வந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கடையின் பின்பக்கம் அவரை அழைத்துப்போனேன். அவர் கையில் சோப்புப் போட்டுக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

வெளியே இருப்பவர்கள் அக்காவும் தங்கையும். உள்ளே இருப்பவர்கள் அவர்களின் கணவன்மார், அதாவது சகலைகள். வண்டி இரண்டு குடும்பத்துக்கும் பொது. நாலு வருஷத்துக்கு முன்பு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தும்போது, ஒல்லிச் சகலை ஓட்டிப் பின்னால் எடுத்திருக்கிறார். அகலச் சகலை பின்னால் நின்று வழி சொல்லியிருக்கிறார். அவர் "ரைட்" என்றாராம். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பு என்ற அர்த்தத்தில். இவருக்கு அது, 'ரைட், போகலாம்' என்று கேட்டிருக்கிறது. போனார். இரும்புக் கம்பத்தில் போய் நின்றார்.

"அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லைக்கா. எங்க வீட்டுக்காரருக்குக் காது ஆஸ்பத்திரில வேலை. காது கேக்குதா இல்லையான்னு டெஸ்ட் பண்றவரு. அத்தான் சும்மா இருக்காம, 'ஊர்க் காதையெல்லாம் டெஸ்ட் பண்றாரு, தன் காதை எப்ப பண்ணுவாராம்'னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"அத்தானுக்கு நீச்சல் குளத்தைப் பாத்துக்கற வேலை. 'தேங்கின தண்ணியைப் பாத்துட்டே உக்காந்திருக்கறவருக்கு, நகர்ற வண்டியைப் பத்தி என்ன தெரியும்'னாரு." கையைத் துடைத்துக்கொண்டார். "அன்னியோட பேச்சு நின்னுபோச்சு. ஒரு மாசம் வண்டி அவங்களுக்கு, ஒரு மாசம் எங்களுக்கு. இன்னிக்கு அக்காவுக்கு அம்பதாவது பிறந்தநாள். எனக்கு வேற எதுவும் வேணாம், நாலு பேரும் சேர்ந்து மூணு நாள் ஏரிக்குப் போகணும்னு கேட்டுட்டா. கிளம்பி இருபது நிமிஷம்கூட ஆகல. டீ போடலாம்னு குழாயைத் திருகினா, கர்ர்ருன்னு ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை."

"யார் மாசத்துல கெட்டுதுன்னு சண்டையா?"

"இன்னிக்குத்தான் மாசக் கடைசி" என்றார். அந்த வேதனை எனக்குப் புரிந்தது.

இனி அவர்களைக் குளத்துக்காரர், காதுக்காரர் என்றே சொல்கிறேன். அன்று முழுக்க என் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் வண்டியைப் பார்த்தேன். பியூஸ் நன்றாக இருந்தது. பம்ப் வரைக்கும் கரண்ட் வந்தது. ராத்திரியில் படுக்கையாக விரியும் இருக்கைக்கு அடியிலிருந்து பம்பைக் கழற்றி எடுத்ததும் சங்கதி தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்து, தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கித் துருப்பிடித்திருந்தது. யார் மாசத்திலும் கெட்டதில்லை, வயசாகிப் போயிருக்கிறது என்று சொன்னேன். இரண்டு பேருமே அதை நம்பவில்லை. இரண்டு பேருக்கும் அது ஏமாற்றமாகவும் இருந்தது.

பிறந்தநாள்காரரான அக்கா நாற்காலியிலிருந்தபடியே கேட்டார். "எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"பம்ப் எதுன்னு முடிவு பண்ணிட்டா ஒரு மணி நேரம்."

"ரைட்டு" என்று திரும்பவும் டீயை எடுத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் அனுப்பும் அறையில் போன் எடுக்கும் வேலை அவருக்கு. எதற்கும் பதறுகிற ஆளாகத் தெரியவில்லை.

மூன்று பம்புகளை எடுத்துக் கவுண்டர்மேல் வரிசையாக வைத்தேன். சின்னது நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் தள்ளும். நடுவில் இருந்தது பத்து லிட்டர். பெரியது இருபது லிட்டர். அது உண்மையில் படகின் மேல்தளத்தைக் கழுவ வாங்குவது. ஒப்புக்காகத்தான் எடுத்து வைத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"இது" என்றார் குளத்துக்காரர், பெரியதன்மேல் கையை வைத்து.

"சார், உங்க வண்டில இருக்கறது ஒரு குழாய், ஒரு கைஷவர். இவ்வளவு வேகம் தேவையில்லை."

"ஏம்மா, எங்க குளத்துல நிமிஷத்துக்கு ஆயிரத்தி இருநூறு லிட்டர் ஓடுது. நான் இருபத்திரண்டு வருஷமா பம்போடதான் குடும்பம் நடத்தறேன். பம்ப்னா பலம் வேணும். பலம் இல்லாத பம்ப் என்னத்துக்கு?"

"மேடம்" என்றார் காதுக்காரர். "பம்ப் இருக்கறது படுக்கைக்குக் கீழே. தலைக்கும் அதுக்கும் ஒண்ணரை அடிகூட இல்ல. ஒருத்தர் தண்ணி குடிக்க எழுந்தா மூணு பேர் முழிச்சுக்கணுமான்னு அவரைக் கேளுங்க."

அவரைக் கேட்டேன். "முழிச்சுக்கிட்டா என்ன, தண்ணி குடிச்சிட்டுத் தூங்கட்டும்னு சொல்லுங்க" என்றார். அதைச் சொன்னேன். நான் சொல்லித் தெரியவேண்டியதே இல்லை, இருவருக்கும் நடுவில் பன்னிரண்டு அடிதான் தூரம். ஆனாலும் காதுக்காரர் என் வாயிலிருந்து வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் முகத்தைச் சுளித்தார்.

"மூணையும் ஓடவிட்டுக் காட்ட முடியுமா மேடம்? நான் கேக்கணும்."

கவுண்டருக்குக் கீழே ஒரு பேட்டரியும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்திருப்பேன், வாங்குகிறவர்கள் பம்ப் ஓடுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ள. ஆனால் இவரைப்போல் கேட்க வந்தவர் யாருமில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அப்புறம் குளிர்பானப் பெட்டியை அணைக்கச் சொன்னார். கதவருகே படகுக்கு ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், மிகுந்த மரியாதையோடு, ஐந்து நிமிஷம் பொறுக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார். அந்த மனுஷன் கையில் ஆணியோடு அப்படியே சிலையாகிவிட்டார்.

சின்னப் பம்பை ஓடவிட்டேன். காதுக்காரர் கண்ணை மூடிக் குனிந்து, காதை ஒரு சாண் தூரத்தில் வைத்தார். வைத்தியர் நாடி பிடிக்கிற பாவனை.

குளத்துக்காரர் இருமினார்.

காதுக்காரர் நிமிர்ந்து, கையால் சைகை காட்டி மறுபடி ஓடவிடச் சொன்னார். ஓடவிட்டேன். குளத்துக்காரர் மறுபடி இருமினார். இந்தத் தடவை நீளமாக, கடைசியில் ஒரு செருமலும் சேர்த்து.

"அவருக்கு உடம்பு சரியில்லைன்னா வெளியே காத்தாட நிக்கலாம்னு சொல்லுங்க மேடம்."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லும்மா. பம்ப் வாங்க வந்த இடத்துல பாட்டுக் கச்சேரி கேக்கறதைப் பாத்துத்தான் தொண்டை அரிக்குது."

ஒருவழியாக மூன்றையும் கேட்டு முடித்தார். சின்னது கொசு மாதிரி, நடுவிலிருப்பது பூனை மாதிரி, பெரியது மாவு மில் மாதிரி என்று தீர்ப்புச் சொன்னார். தனக்குக் கொசுதான் வேண்டும் என்றார். கொசுவிலிருந்து வருகிற தண்ணீரில் கண்ணாடிகூடக் கழுவ முடியாது, மாவு மில்தான் வேண்டும் என்று மற்றவர் ஒற்றைக்காலில் நின்றார். நடுவிலிருப்பதுதான் இந்த வண்டிக்குப் பொருத்தம் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் அதிசயமாக ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். பூனைக்கு ஆதரவே இல்லை.

அரைமணி நேரம் இப்படியே போனது. தங்கை உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். டேங்க் எத்தனை லிட்டர் என்று கேட்டார். எழுபது என்றேன்.

"அத்தான், இந்தப் பெருசை வெச்சுக் குளிச்சா மூணரை நிமிஷத்துல டேங்க் காலி. நீங்க சோப்புப் போட்டிருப்பீங்க, அவ்வளவுதான்."

குளத்துக்காரர் ஒரு கணம் யோசித்தார். ஆனால் நாலு வருஷ வைராக்கியம் ஒரு கணக்குக்கு மசியுமா? "குழாயைப் பாதி திருகிக்கலாம்மா" என்றார்.

வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவர் சொல்றதையே மாட்டிப் பாத்திடுங்கம்மா. மாட்டாம இந்த மனுஷன் நகரமாட்டாரு. எனக்கு இன்னிக்கு ஏரியைப் பாக்கணும்."

நான் எச்சரித்தேன். குழாயெல்லாம் பதினாலு வருஷப் பழசு, இந்த அழுத்தம் தாங்குமா தெரியாது, சும்மா இணைத்து ஓட்டிப் பார்ப்போம், தாங்கினால் பிறகு திருகி முடுக்கலாம் என்றேன். சரி என்றார். அதுதான் என் இரண்டாவது தப்பு.

பெரிய பம்பை இருக்கைக்கு அடியில் இணைத்தோம். தொட்டிக்கு மேலே இருந்த சுவிட்சின் அருகில் குளத்துக்காரர் நின்றார். காதுக்காரர் உள்ளே வர மாட்டேன் என்று வண்டியின் பின்பக்கம் வெளியே நின்றுகொண்டார். நான் பக்கவாட்டுக் கதவுப் படியில், இரண்டு பேரும் தெரிகிற இடத்தில். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் நன்றாகப் பழகிவிட்டிருந்தேன். சொந்த புத்தி போய்த் தபால்காரி புத்தி வந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டார். மாவு மில் கிளம்பியது. குழாயைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சி, தொட்டியில் மோதி, அவர் சட்டையில் தெறித்தது. குளத்துக்காரரின் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா? இதுதான் தண்ணி."

"இப்ப குழாயை மூடுங்க சார். பம்ப் தானா நிக்கணும்."

மூடினார். இந்த ரகப் பம்புகள் குழாயை மூடியதும் உள்ளே அழுத்தம் ஏறி, ஓர் அளவு வந்ததும் தாமாக நின்றுவிடும். இது நிற்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்து காதுக்காரர் சொன்னார். "மேடம், ஷவர் பக்கம் ஏதோ சீறுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சார், ஷவர் பக்கம் ஏதோ சீறுதாம்."

"எதுவும் சீறலன்னு சொல்லும்மா. பம்ப் சத்தத்தைக் கேட்டு மிரள்றாரு."

"எதுவும் சீறலயாம் சார்."

"பம்ப் சத்தம் வேற, இது வேற. இது மூட்டு கழல்ற சத்தம். சுவிட்சை அணைக்கச் சொல்லுங்க."

"சுவிட்சை அணைக்கச் சொல்றார் சார்."

"எதுக்குன்னு கேளும்மா."

"எதுக்குன்னு கேக்கறா..."

நான் முடிக்கவில்லை. ஷவர் அலமாரிக்குள்ளிருந்து டப் என்று ஒரு சத்தம். கழன்ற குழாய் கதவை உதைத்துத் திறந்துகொண்டு பாம்பு மாதிரி வெளியே வந்து, குளத்துக்காரரின் நெஞ்சில் நேராக அடித்தது. அவர் பின்னால் சாய்ந்து படுக்கையில் உட்கார்ந்தார். குழாய் என் பக்கம் திரும்பியது. நான் படியிலிருந்து முற்றத்தில் விழுந்தேன். வண்டியைச் சுற்றி ஓடிவந்த காதுக்காரர் என்னைத் தாண்டி உள்ளே பாய்ந்து, முகத்தில் தண்ணீரை வாங்கிக்கொண்டே சுவிட்சைத் தேடித் தட்டினார்.

மில் நின்றது. இரண்டு சகலைகளும் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட, ஒரே படுக்கையில் ஒருவர் உட்கார்ந்தபடியும் ஒருவர் முட்டி போட்டபடியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சீறுதுன்னு சொன்னேனில்ல?" என்றார் காதுக்காரர்.

"அதை நேரா என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நேரா சொன்னா நீங்க கேப்பீங்களா?"

"நான் கேக்கறது இருக்கட்டும். காது யாருடையது? அன்னிக்கு உனக்குக் கேட்டுதா?"

வெளியே அக்காவும் தங்கையும் டீயைப் பாதியில் நிறுத்தினார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை. நாலு வருஷம் கழித்து நடக்கிற முதல் பேச்சு, அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

"நல்லாவே கேட்டுது. ரைட், ரைட்னீங்க. ரெண்டு தடவை."

"ஒரு தடவை."

"ரெண்டு தடவை அண்ணே. ஒரு தடவை சொன்னா ஸ்டியரிங்கைத் திருப்பணும்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவை சொன்னா போலாம்னு அர்த்தம். நான் திருப்பத்தான் கையெடுத்தேன். ரெண்டாவது ரைட் வந்துது. போனேன்."

"என் வாயில இருந்து ஒரே ஒரு ரைட்தான் வந்துது. எங்க வேணா வந்து சொல்றேன்."

"என் காதுக்குள்ள ரெண்டு வந்துது. நானும் எங்க வேணா சொல்றேன்."

இப்படியே பேசிக்கொண்டு இறங்கி வந்து, முற்றத்தில் நின்று, யார் எங்கே நின்றார்கள், கம்பம் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று ஆளுக்கொரு கை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார்கள். என் பெயிண்ட் டப்பாவைக் கம்பமாக வைத்துக்கொண்டார்கள். தங்கையிடம், நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். முன் சீட்டில் என்றார். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

அக்கா டம்ளரைத் தரையில் வைத்தார். "ஏங்க. நான் வண்டிக்குப் பக்கவாட்டுல நின்னுட்டிருந்தேன்."

"இருக்கட்டும், நீ இதுல தலையிடாதே" என்றார் குளத்துக்காரர்.

"தலையிடல. நிக்கறப்போ ஆபீஸ்ல இருந்து போன் வந்துது. எந்த வண்டியை எங்க அனுப்பறதுன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"சரி, அதுக்கென்ன இப்போ?"

"சொல்லி முடிச்சிட்டு நான் எப்படிப் போனை வெப்பேன்?"

தங்கைதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று காலை மட்டும் அக்கா எத்தனை தடவை 'ரைட்டு' என்ற அந்த வார்த்தையைச் சொன்னார் என்று நானும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் எத்தனை தடவைன்னு ஒண்ணா நின்னு சண்டை போட்டதே இல்லையே. இன்னிக்குத்தான் எனக்கே தோணுது" என்றார் அக்கா. முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது.

நான் ஒரு பெரிய வெடியை எதிர்பார்த்தேன். வெடிக்கவில்லை. குளத்துக்காரர் மெதுவாக, "அப்ப நான் ஒரு தடவைதான் சொல்லியிருக்கேன்" என்றார்.

"அப்ப எனக்கு ரெண்டு தடவை கேட்டது நிஜம்" என்றார் காதுக்காரர்.

இரண்டு முகத்திலும், பரீட்சையில் பாஸான பிள்ளைகளின் களை. நாலு வருஷமாக இரண்டு பேருமே சரி. இதைவிட மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? ஏதாவது திட்டு விழும் என்று காத்திருந்த அக்காவை இருவரும் மறந்தே போனார்கள். அவருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான் என்று தோன்றியது.

காதுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னப்புறம், ஆஸ்பத்திரில எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பாத்து, நானே உள்ளே உக்காந்து என் காதை டெஸ்ட் பண்ணிப் பாத்தேன் அண்ணே. மூணு தடவை."

"மூணு தடவையா?"

"மூணு தடவையும் நல்லாத்தான் இருந்துது. ஆனா சந்தேகம் போகல. இவருக்குக் காது கேக்கலைன்னு யாருக்காவது எழுதிக் குடுக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் நிக்கும்."

குளத்துக்காரர் ஈரச் சட்டையைப் பிழிந்தார். வெகுநேரம் பிழிந்தார். "காதைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "அது தப்பு."

"நானும் குளத்தைப் பத்திச் சொன்னேன்."

"அதைச் சொன்ன. அது எனக்குப் பல நாள் தூக்கம் வராம பண்ணுச்சு. தேங்கின தண்ணி இல்லப்பா அது. நாள் பூரா சுத்தியே வந்துட்டிருக்கும்."

"தெரியும் அண்ணே. ஆத்திரத்துல வந்துடுச்சு."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு காலி டம்ளர்களைப் பொறுக்கினார். நானும் எழுந்து, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு, இனி வேலை சுலபமாக முடியும் என்று நம்பிக் கடைக்குள் போனேன். அதுதான் அன்றைய மூன்றாவது தப்பு.

பேசாதவரைக்கும் அவர்களிடம் ஒரு சுருக்கம் இருந்தது. பேச ஆரம்பித்தபிறகு நாலு வருஷப் பாக்கி மொத்தமும் பம்பின்மேல் இறங்கியது. கவுண்டரில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். குளத்துக்காரர் பம்பின் உள்ளே ரப்பர் எப்படி வேலை செய்கிறது என்று காதுக்காரருக்கு விளக்கினார். காதுக்காரர் சத்தம் எப்படிப் பலகையில் ஏறிப் பெரிசாகிறது என்று குளத்துக்காரருக்கு விளக்கினார். பெரியதை விட்டுக்கொடுக்கத் தயார், ஆனால் நீ சின்னதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இவர் சொன்னார். நான் சின்னதை விட்டுக்கொடுக்கிறேன், நீங்கள் முதலில் விடுங்கள் என்றார் அவர். இல்லை, உனக்குப் பிடித்ததையே வாங்கு என்றார் இவர். சேச்சே, உங்களுக்குப் பிடித்ததுதான் என்றார் அவர். ஒரு கட்டத்தில் குளத்துக்காரர் கொசுவைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாட, காதுக்காரர் மாவு மில்லைக் கட்டிக்கொண்டு நின்றார். பாசம் முற்றினால் பகையைவிட மோசம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆணி பொறுக்கிய ஆள் ஆணிகளை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் ஒரு மணி நேரம். கடைசியில் தங்கை உள்ளே வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நடுவிலிருந்த பூனையை எடுத்தார், என் கையில் வைத்தார்.

"இதை மாட்டுங்கக்கா."

"இல்லம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசி..." என்று ஆரம்பித்தார் குளத்துக்காரர்.

"நீங்க பேசுங்க அத்தான். அவங்க மாட்டட்டும்."

நான் மாட்டினேன். பழைய குழாயை அடியோடு எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டேன். மூட்டுக்கு மூட்டு, குழாயை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டையை இரட்டையாகக் கொடுத்து முடுக்கினேன். பலகைக்குச் சத்தம் ஏறாமல் இருக்க, பம்பின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் வைத்தேன். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த வலை வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால், அதில் பாதி பாசி. இதைக் கழுவாததால்தான் பழைய பம்ப் மூச்சு வாங்கியிருக்கிறது என்று நான் காட்டியதும், யார் கழுவ வேண்டிய மாசம் என்று யாராவது கேட்பார்களோ எனப் பயந்தேன். இரண்டு பேரும் "நான்தான் மறந்துட்டேன்" என்றார்கள்.

சுவிட்சைப் போட்டேன். பூனை மெல்ல உறுமியது. குழாயில் தண்ணீர் நிதானமாக, கை நிறைய வந்தது. மூடினேன். இரண்டு வினாடியில் நின்றது. குளத்துக்காரர் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். காதுக்காரர் படுக்கையில் படுத்து, ஈரத் தலையணையில் காதை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். தலையணை ஈரம் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

போர்வைகளை ஜன்னலுக்கு வெளியே காயவிட்டபடி வண்டி கிளம்பியபோது மணி மூன்று. தங்கை ஓட்ட, அக்கா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். சகலைகள் இருவரும் பின்னால். என்ன பேசினார்களோ, வாசலைத் தாண்டி வெகுதூரம் போகும்வரை குளத்துக்காரரின் குரல் கேட்டது. நடுநடுவே அது நின்றது. காதுக்காரரின் முறை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை கடைக்குப் போன் வந்தது.

"ஏம்மா, தண்ணியெல்லாம் பிரமாதமா வருது. ஆனா இவர் என்ன சொல்றார்னா, யாரும் குழாயைத் தொடாதப்பவே நாப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை பம்ப் லேசா இருமுதாம்."

"முப்பத்தெட்டு நிமிஷம் மேடம்" என்றது பின்னாலிருந்து இன்னொரு குரல்.

எங்கேயோ ஒரு சொட்டுக் கசிகிறது, கசியக் கசிய அழுத்தம் இறங்குகிறது, அதை ஈடுகட்டப் பம்ப் ஒரு வினாடி ஓடுகிறது என்று விளக்கினேன். மூட்டுகளைப் பாருங்கள் என்றேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தார்கள். பலகைகள் கழலும் சத்தம் வந்தது. யாரும் மூச்சு விடவேண்டாம் என்று காதுக்காரர் சொன்னார். கொஞ்ச நேரம் பறவைச் சத்தம் மட்டும் கேட்டது. ஏரி அருகில்தான் இருக்க வேண்டும்.

"இங்க. தொட்டிக்குக் கீழே, உள்பக்கம்."

"எங்கப்பா, எனக்கு எதுவும் தெரியலையே."

"கையை வைங்க. இன்னும் உள்ளே. ஆங்."

"ஆமாம்பா. ஈரம் இருக்கு. ஸ்பேனரைக் குடு. அரைச் சுத்து முடுக்கறேன்."

"அரை வேணாம் அண்ணே, பட்டை அறுந்துடும். கால் சுத்து போதும்."

"கால் சுத்துக்கெல்லாம் அது நிக்காது."

"முதல்ல கால் சுத்துங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

போனை அணைக்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கவுண்டருக்கு எதிரே ஒருவர் படகுக் கயிறு வாங்க வந்து நின்றார். போனைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு, அவருக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டு அளந்து வெட்டினேன். கயிறைச் சுருட்டிக் கொடுக்கும்போது, கால் சுற்றும் போதாமல் அரையும் அதிகமாகி, கடைசியில் எங்கே நிறுத்தலாம் என்று இருவரும் பேசி முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.